காணிக்குள்ளா, வீதியோரமா, பொயிலர் முற்றத்திலா: சீமைக்கிளுவையை எங்கே வைத்துச் சில்லாக்குவது?

தர்மபுரம்_தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரம் பக்கத்தில் நாங்கள் 14 குடும்பம் சேர்ந்து, தென்னைக்கு இடையிலும் வேலியோரத்திலும் சீமைக்கிளுவை நட்டு வைத்திருக்கிறோம். சில காணிகளில் இப்போது மூன்றாவது வெட்டுக்கு வந்துவிட்டது. இதுவரை தடியை விறகாகக் கொடுத்தோம், இலையை ஆட்டுக்கும் தென்னைக்குப் பசளையாகவும் போட்டோம். இப்போது கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை, தங்கள் பொயிலருக்கு மரச்சில்லு தொடர்ந்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறது. எங்கள் காணியில் இருந்து அங்கே 18 கிலோமீற்றர்.

சில்லு வெட்டும் மெசின் எங்களிடம் இல்லை. ட்ரக்டரின் பின்னால் பூட்டி ஓட்டும் சிப்பர் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறோம். எங்களுக்குள் மூன்று கருத்து இருக்கிறது. மெசினைக் காணிக்குள் கொண்டுபோய், வெட்டிய இடத்திலேயே சில்லாக்கிப் பெட்டியில் நிரப்புவது ஒன்று. தடியை வீதியோரத்துக்குக் கொண்டுவந்து குவித்து, ஒரு நாள் மெசினைக் கொண்டுவந்து வெட்டுவது இன்னொன்று. தடியாகவே தொழிற்சாலை முற்றத்துக்குக் கொண்டுபோய் அங்கே வெட்டுவது மூன்றாவது.

எது மலிவு? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? செலவை ரூபாவில் சொல்லாமல் டீசல் லீற்றரிலும் ஆள் மணியிலும் சொன்னால் நல்லது. 2022இல் கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்றபோது பட்ட பாடு மறக்கவில்லை. ரூபா மாறிக்கொண்டே இருக்கும். ஒரு லீற்றர் என்றைக்கும் ஒரு லீற்றர்தான்.

மரக்காலை_வவுனியா எழுதியது:

தம்பி, மெசின் வாங்குவதற்கு முதல் ஒன்று சொல்கிறேன். நான் முப்பது வருடமாக மரம் அரிக்கிறவன். வன்னி மரத்துக்குள் இரும்பு இருக்கிறது. செல் துண்டு, சன்னம், முள்ளுக்கம்பி எல்லாம் இருக்கிறது. முதிரை, பாலைக் குற்றிகளில் வாள் பட்டு நெருப்புப் பறந்ததை எத்தனை தடவை பார்த்திருப்பேன். வெளியில் பார்த்தால் பட்டை மூடி வளர்ந்திருக்கும், காயமே தெரியாது. வாள் பட்டால் பல்லுப் போகும், அவ்வளவுதான். சிப்பரில் கத்தி ஒரு கனமான தட்டில் பூட்டி வேகமாகச் சுழல்கிறது. அதில் கைப்பிடி அளவு இரும்பு போனால் கத்தி உடைந்து ஆளுக்குத்தான் ஆபத்து.

சீமைக்கிளுவை என்றால் பயம் குறைவு. 2009க்குப் பிறகு வந்த கொப்பில் செல் துண்டு இருக்க வழியில்லை. ஆனால் வேலிக் கதியால், அதாவது வேலிக்கு ஊன்றி முளைத்து நிற்கும் மரம், வேறு கதை. கதியாலில் கம்பி அடித்த ஆணி மரத்துக்குள் மூடிப்போய்க் கிடக்கும். கொப்பை வெட்டுங்கள், கதியாலின் அடிமரத்தைச் சிப்பருக்குள் விடாதீர்கள். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முத்தையன்கட்டு_வாய்க்கால் எழுதியது:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள், மகன். நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் சீமைக்கிளுவையை அறிவித்தது 2005இல். அந்த நேரம் வன்னியில் அதைக் கவனிக்க ஆள் இருக்கவில்லை, நிலைமை அப்படி. இப்போது நீங்கள் பதினான்கு பேர் சேர்ந்து செய்வதைப் பார்க்க மனம் நிறைகிறது.

இரண்டு விடயம். இயற்கைக் காட்டில் மரம் தறிப்பது 1990இல் இருந்து இந்த நாட்டில் நிறுத்தப்பட்டிருக்கிறது. சில்லு என்று வந்துவிட்டால் எது வீரை, எது கிளுவை என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. யாராவது ஒருவர் காட்டு மரத்தைக் கலந்து கொடுத்தால் உங்கள் எல்லோருக்கும் பழி வரும். எந்தக் காணி, எந்தத் தடி என்று ஏடு வைத்து எழுதுங்கள். ஏற்றிக்கொண்டு போவதற்கு முதல் வன அலுவலகத்தில் பேசி எழுத்தில் வாங்குங்கள். தடியாகக் கொண்டுபோனால் வழியில் மறிப்பவர்களுக்கும் மரம் தெரியும். இது உங்கள் மூன்றாவது வழிக்கு ஒரு நன்மை.

அடுத்தது, காணிக்குள் மெசின் இழுக்கும்போது எப்போதும் போய்வந்த தடத்தை விட்டு இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றி ஒப்படைத்த காணி என்றால் பரவாயில்லை. காணிக்குப் பக்கத்துப் பற்றைக்குள் மெசினைத் திருப்ப இடம் இருக்கிறது என்று இறங்குவது கூடாது.

நெல்_ஆலை_பரந்தன் எழுதியது:

மில்லுக்கும் சில்லு விற்கலாம் என்று யாராவது நினைத்தால் விட்டுவிடுங்கள். நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அவிக்கிற மில்லுக்கு அதுவே போதும், பல மில்லில் மிஞ்சியும் கிடக்கிறது. சூளைக்காரர், பேக்கரிக்காரர் விறகாகவே எடுப்பார்கள், அவர்களுக்குச் சில்லு வேண்டாம். தானாகத் தீனி போடும் பொயிலர் இருக்கிற இடம் மட்டும்தான் உங்கள் சந்தை. ஒரே ஒரு வாங்குநரை நம்பி மெசின் வாங்குவதை யோசியுங்கள்.

பின்லாந்து_வாசி எழுதியது:

வணக்கம் தம்பி. ஊர் மல்லாவி, இப்போது இருப்பது பின்லாந்தில். ஒரு வெப்ப நிலையத்தில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன், நாங்கள் எரிப்பது முழுக்க மரச்சில்லு. முத்தையன்கட்டு, தர்மபுரம் என்று பெயரைப் பார்த்ததும் நித்திரை வரவில்லை. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன மூன்று வழியும் இங்கே ஐம்பது வருடமாக விவாதிக்கப்பட்ட அதே மூன்று வழிதான். காட்டுக்குள்ளேயே ஓடித் திரிந்து சில்லு வெட்டி, தன் முதுகில் இருக்கிற தொட்டியில் சேர்த்துக்கொண்டு வரும் மெசின் இங்கேயும் இருந்தது. அது பாரம் கூடியது, விலை கூடியது, மட்டமான உறுதியான நிலம் வேண்டும். அதனால் பெரும்பாலானவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது இங்கே அதிகம் நடப்பது வீதியோரம். கொப்பைக் குவித்து வைப்பார்கள், லொறியில் பூட்டிய சிப்பர் வந்து வெட்டி, பக்கத்தில் நிற்கும் இன்னொரு லொறிக்குள் நேரே ஊதிவிடும். பெரிய நிலையங்கள் சில தங்கள் முற்றத்திலேயே வெட்டுகின்றன.

வீதியோர முறையில் ஒரு பெரிய பலவீனம் இருக்கிறது. சிப்பரும் லொறியும் ஒரே சங்கிலியில் கட்டப்பட்டவை. லொறி வராவிட்டால் சிப்பர் சும்மா நிற்கும். சிப்பர் பழுதானால் லொறி சும்மா நிற்கும். இரண்டுக்கும் காசு ஓடிக்கொண்டே இருக்கும். மெசின் மணிக்கு எவ்வளவு வெட்டும் என்று விற்கிறவன் சொல்லுவான். ஒரு நாளில் எத்தனை மணி உண்மையில் வெட்டும் என்று அவன் சொல்ல மாட்டான். அதைத்தான் நீங்கள் அளக்க வேண்டும்.

கொப்பை அப்படியே ஏற்றினால் பெட்டிக்குள் பெரும்பகுதி காற்று. கிளையும் கவடுமாக ஏற்றினால் ஐந்தில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்குதான் மரம். சில்லாக்கினால் ஏறக்குறைய 40 சதவீதம் மரம். ஒரு கன மீற்றர் கட்டி மரம், சில்லாக்கினால் இரண்டரைக் கன மீற்றராகப் பரவும் என்று இங்கே கணக்கு. அதனால்தான் இங்கே தூரம் கூடக்கூட வீதியோரத்திலேயே சில்லாக்கி ஏற்றுகிறார்கள். இங்கே லொறிகள் பெட்டியும் இழுவையும் சேர்த்து 76 தொன் வரை போக அனுமதி இருக்கிறது. உங்களிடம் இருப்பது ட்ரக்டர் பெட்டி. ஆகவே இங்கத்தைய முடிவை அப்படியே எடுக்காதீர்கள், கணக்குப் போடும் முறையை மட்டும் எடுங்கள்.

நடுவில் நாலாவது வழி ஒன்றும் இருந்தது. கொப்பை அமுக்கிக் கயிறு சுற்றி, மூன்று மீற்றர் நீளக் கட்டாக்கும் மெசின். ஒரு கட்டு அரைத் தொன் அளவு. பியெத்தர்சாரி என்ற ஊரில் 2000களின் தொடக்கத்தில் வந்த பெரிய மின் நிலையம் அந்தக் கட்டுகளை நிறைய எடுத்தது. மெசின் விலை தாங்காததால் அது பரவவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் தொழிற்சாலை எதை வைத்துக் காசு தருகிறது? நிறையா, வெப்பமா?

தர்மபுரம்_தோட்டம் எழுதியது:

நிறைதான், அண்ணை. லொறி நிறுக்கும் தராசில் ஏற்றி, தொன்னுக்கு இவ்வளவு என்று. ஏன் கேட்கிறீர்கள்?

பொயிலர்_அறை எழுதியது:

நான் சொல்கிறேன் ஏன் என்று. நான் வேறொரு தொழிற்சாலையில் பொயிலர் ஓட்டுகிறேன். பச்சைச் சில்லு வருகிற நாளில் எனக்கு நரகம். நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கும், பிறகுதான் என் பொயிலர் தண்ணீர். நீராவி அழுத்தம் இறங்கும், மேலே தையல் பக்கத்தில் இருந்து ஆள் வந்து கத்துவார், புகைபோக்கியில் வெள்ளைப் புகை போகும். நானும் கூடக்கூடப் போடுவேன். அன்றைக்கு இரட்டிப்புச் சில்லு முடியும்.

வெட்டின சீமைக்கிளுவையில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி ஈரமான மரத்தில் கிலோவுக்கு 2.3 யூனிட் அளவுதான் வெப்பம் கிடைக்கும் (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்). 30 சதவீதத்துக்கு இறங்கினால் கிலோவுக்கு மூன்றரை யூனிட். 20 என்றால் நாலு யூனிட். ஒரே தராசு, ஒரே தொன், ஆனால் உள்ளே இருக்கிற நெருப்பு வேறு.

இன்னொரு விடயம். தீனி போடும் திருகு அகலமான சில்லைத் தாங்கும், நீளமான நாரைத் தாங்காது. சீமைக்கிளுவைப் பட்டை நாராக உரியும். கத்தி மழுங்கினால் வெட்டாது, கிழிக்கும். அந்த நார் திருகில் சுற்றி நின்றுவிட்டால் கையை விட்டு எடுக்க வேண்டும். கத்தி தீட்டுகிற செலவைக் கணக்கில் சேருங்கள்.

கிடுகுவேலி எழுதியது:

ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். எங்கள் மாதர் சங்கத்தில் இருபத்திரண்டு பெண்கள் தடி வெட்டி விற்கிறோம். பாதிப் பேர் குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்துகிறவர்கள். மெசின் வருவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இந்த இழையில் வெட்டுகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அடிமரத்தில் நெஞ்சளவு உயரத்தில் கத்தியால் கொப்பு வெட்டி, இலை உருவி, தடியை அளவாகத் தறித்து வைக்கும் வேலைக்கு மெசின் இல்லை. அது கைதான்.

காணிக்குள்ளேயே சில்லாக்கினால் இலையோடு சேர்த்து மெசினுக்குள் தள்ளச் சொல்வார்கள், வேகம் வரும் என்று. அப்படி இலை போனால் எங்கள் ஆட்டுக்கு என்ன? சீமைக்கிளுவை இலைக்கு ஆடு முதலில் மணத்துக்கு முகம் திருப்பும், ஒரு நாள் வாட வைத்துக் கொடுத்தால் பிறகு விடாது. வரண்ட காலத்தில் எங்களிடம் வேறு பச்சைத் தீனி இல்லை.

முத்தையன்கட்டு_வாய்க்கால் எழுதியது:

தங்கச்சி சொன்னது மண்ணுக்கும் பொருந்தும். அந்த மரம் காற்றில் இருந்து பிடித்த நைதரசனில் பெரும்பங்கு இலையில்தான் இருக்கிறது. இலையை எரித்தால் அது புகைபோக்கியால் போய்விடும், பிறகு யூரியா வாங்கிப் போட வேண்டும். இலை காணியில் நிற்கட்டும்.

பின்லாந்து_வாசி எழுதியது:

இங்கேயும் அப்படித்தான், அக்கா. கோடை முழுக்கக் கொப்பைக் காட்டில் காய விடுவதற்கு ஒரு காரணம், ஊசியிலை அங்கேயே உதிரட்டும் என்பது. இலை சேர்ந்த சில்லில் சாம்பல் கூடும், பொயிலருக்குள் கட்டியாக இறுகும். ஆக ஆட்டுக்கும் மண்ணுக்கும் பொயிலருக்கும் ஒரே முடிவுதான் நல்லது.

தர்மபுரம்_தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை பதில் எழுதவில்லை, காரணம் நாங்கள் செய்து பார்த்தோம். சிப்பர் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தோம். தட்டில் கத்தி பூட்டிய வகை, 50 குதிரை வலு ட்ரக்டரில் ஓடியது. கையால்தான் தள்ள வேண்டும்.

முதல் நாள் காணிக்குள். அன்றைக்கே வெட்டிய பச்சைக் கொப்பு, இலை உருவியது. சில்லு ஏற்ற எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெட்டி. ஒரு கியூப் பெட்டி, அதாவது 100 கன அடி. ஏறக்குறைய ஒரு தொன் பச்சைச் சில்லு பிடித்தது. அதைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் இறக்கி வர ஒரு நடைக்கு இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணியில் பெரும்பகுதி நேரம் ஐந்து ஆட்களும் மெசினும் நிழலில் நின்றோம். எட்டு மணி வேலையில் மெசின் வெட்டியது 3 மணி 10 நிமிடம். சேர்ந்தது 3.1 தொன். சிப்பர் ட்ரக்டர் குடித்தது 19 லீற்றர், ஏற்றிப் போனது 24 லீற்றர்.

இரண்டாம் நாள் தொழிற்சாலை முற்றம். எட்டுக் கிழமைக்கு முதல் வெட்டி, காணியில் நிலத்தில் படாமல் குறுக்குத் தடி வைத்து அடுக்கிய இரண்டு மீற்றர் தடிகள். மூன்று நடையில் மெசின் எடுப்பதற்கு முதலே கொண்டுபோய் இறக்கிவிட்டோம், அதற்கும் 24 லீற்றர். அன்றைக்கு எட்டு மணி வேலையில் மெசின் 5 மணி 40 நிமிடம் வெட்டியது. மிச்ச நேரம் கத்தி மாற்றியதும் சாப்பாடும். 4.6 தொன். டீசல் 34 லீற்றர். காய்ந்த தடி கடினம், மெசின் முனகியது, கத்தி மத்தியானமே மழுங்கிவிட்டது. அது உண்மை.

ஈரப்பதனைப் பார்க்க, தெரிந்த பேக்கரியின் போறணையைக் கேட்டோம். பாண் எடுத்து முடிந்து சூடு தணிந்த பிறகு, ஒரு கிலோ சில்லைத் தட்டில் பரப்பி வைத்து, நிறை இறங்குவது நிற்கும் வரை நிறுத்தோம். பச்சைச் சில்லில் 520 கிராம் தண்ணீர். காய்ந்ததில் 280 கிராம்.

பொயிலர் அண்ணை சொன்ன முறையில் போட்டால், முதல் நாள் 3.1 தொன்னில் இருந்தது ஏறக்குறைய 6,800 யூனிட் வெப்பம். இரண்டாம் நாள் 4.6 தொன்னில் 16,600 யூனிட். டீசலை எல்லாம் கூட்டினால், ஆயிரம் யூனிட்டுக்கு முதல் நாள் 6 லீற்றருக்கு மேல், இரண்டாம் நாள் மூன்றரை லீற்றர்.

பின்லாந்து_வாசி எழுதியது:

தம்பி, நீங்கள் செய்தது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக மூன்று குறை சொல்கிறேன்.

முதலாவது, நீங்கள் ஒப்பிட்டது இடத்தை மட்டுமல்ல, பச்சையையும் காய்ந்ததையும் சேர்த்து. இரண்டும் கலந்துவிட்டது. இரண்டாவது, முதல் நாள் பெட்டிக்கு ஒரு கியூப் மட்டும் ஏற்றினீர்கள். சில்லு பாரம் குறைந்தது. பெட்டியின் பக்கத்தை வலையால் உயர்த்தியிருந்தால் இரண்டு தொன் ஏறியிருக்கும், நடை பாதியாகக் குறைந்திருக்கும். மூன்றாவது, இரண்டாம் நாளில் தடி அடுக்கிய ஆள், ஏற்றி இறக்கிய ஆள், இவர்கள் எங்கே?

தர்மபுரம்_தோட்டம் எழுதியது:

சரி அண்ணை, மூன்றும் நியாயம். ஆள் கணக்கு இதோ. முதல் நாள் ஐந்து பேர், எட்டு மணி, மொத்தம் 40 ஆள் மணி. இரண்டாம் வழியில் சில்லு வெட்ட நாலு பேர், 32 மணி. ஏற்றிப் போய் இறக்கி வர மூன்று பேர், மூன்று நடை, 22 மணிக்குக் கொஞ்சம் மேல். காணியில் அடுக்க 14 மணி. கூட்டினால் 68க்கு மேல். மொத்தம் கூடத்தான். ஆனால் ஆயிரம் யூனிட்டுக்கு என்று பிரித்தால் முதல் நாள் ஏறக்குறைய 6 ஆள் மணி, மற்றது 4. தடி வெட்டிய வேலையை இரண்டிலும் சேர்க்கவில்லை.

பெட்டியை உயர்த்தினால் ஒரு நடைக்குப் பச்சைச் சில்லில் 4,400 யூனிட் போகும். காய்ந்த தடியில் நாங்கள் ஒரு நடைக்கு 5,500 கொண்டுபோனோம். நேராக ஒரே நீளத்தில் தறித்த தடி என்பதால் நெருக்கமாக அடுக்க முடிந்தது. அக்கா ஆட்கள் தறிக்கிற மாதிரி. கவடும் கொப்புமாக ஏற்றியிருந்தால் நீங்கள் சொன்னதுபோல் காற்றைத்தான் கொண்டுபோயிருப்போம்.

பச்சையும் காய்ந்ததும் கலந்தது என்பது சரி. ஆனால் எங்கள் இடத்தில் அதைப் பிரிக்க முடியவில்லை. காணிக்குள் சில்லாக்கினால் பச்சையாகத்தான் முடியும். பச்சைச் சில்லைக் குவித்தால் காயாது.

பொயிலர்_அறை எழுதியது:

காயாதது மட்டுமல்ல. பச்சைச் சில்லுக் குவியலுக்குள் நாலாம் நாள் கையை விட்டுப் பாருங்கள், சுடும். பூஞ்சணம் பிடித்து வேகிறது. குவியல் தன்னைத் தானே தின்கிறது, நாள் போகப் போக எரிகிற பொருளே குறையும். அதைக் கிளறும்போது எழும்புகிற தூசி நெஞ்சுக்குக் கூடாது. பெரிய குவியல் என்றால் தீப்பிடிக்கவும் கூடும். தடியாக வையுங்கள். எரிப்பதற்கு இரண்டு மூன்று நாளைக்கு முதல் வெட்டுங்கள்.

மரக்காலை_வவுனியா எழுதியது:

வீதியோரத்தை ஒருவரும் செய்து பார்க்கவில்லையே. காய்ந்த தடியை வீதியோரம் வைத்து வெட்டினால்?

தர்மபுரம்_தோட்டம் எழுதியது:

யோசித்தோம் அண்ணை. ஒரே பெட்டி இருக்கும் வரை அங்கேயும் மெசின் காத்து நிற்கும். மூன்று பெட்டி சுற்றி ஓடினால் சரிவரும், அது எங்களிடம் இல்லை. காணிகளுக்கு இடையே மெசினை இழுத்துத் திரிய வேண்டும். பரந்தன் முல்லைத்தீவு வீதியோரத்தில் தடி இரவில் கிடந்தால் விடிய இருக்குமா என்பதும் தெரியாது. காணி தூரமாகி ஐம்பது அறுபது கிலோமீற்றர் போக வேண்டி வந்தால் நீங்கள் சொல்வதைத் திரும்ப யோசிக்கலாம்.

மெசின் முற்றத்தில் நின்றால் இன்னொரு வசதி, ஒரு வழி பிறகு திறக்கும். தொழிற்சாலைக்கு மூன்று கட்டக் கரண்ட் இருக்கிறது. மோட்டரில் ஓடுகிற சிப்பரைப் பூட்டலாம், அந்த 34 லீற்றரும் இல்லாமல் போகும். காணிக்குள் அதற்கு வழியே இல்லை.

நெல்_ஆலை_பரந்தன் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் தராசை மறந்துவிட்டீர்கள். தொன்னுக்குத்தான் காசு என்றால், 52 சதவீத ஈரத்தோடு விற்றால் உங்களுக்கு 3.1 தொன் காசு. அதையே எட்டுக் கிழமை காய வைத்து 28க்கு இறக்கினால் அது 2.1 தொன்கூட வராது. மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போய்விட்டது. கஷ்டப்பட்டு அடுக்கி, காவல் இருந்து, கடைசியில் காசு குறைவு. யார் காய வைப்பான்? நெல்லில் ஈரம் கூடினால் நாங்கள் விலை குறைக்கிறோமே, அதே மாதிரி இங்கேயும் இல்லாவிட்டால் உங்கள் டீசல் கணக்கு முழுக்க வீண்.

பின்லாந்து_வாசி எழுதியது:

இதற்குத்தான் முதலிலேயே அந்தக் கேள்வி கேட்டேன். இங்கே ஒவ்வொரு லொறியிலும் மாதிரி எடுத்து அடுப்பில் காய வைத்து, வெப்பத்துக்குத்தான் காசு கொடுப்பார்கள். நிறைக்குக் காசு கொடுக்கிற இடத்தில் எல்லோரும் தண்ணீர் விற்பார்கள். அதில் விற்கிறவர்களின் பிழை இல்லை. நீங்கள் மெசின் வாங்குவதற்கு முதல் இந்த ஒப்பந்தத்தை மாற்றுங்கள், தம்பி. அது மாறாவிட்டால் உங்களுக்கு மலிவான வழி காணிக்குள் பச்சையாக வெட்டுவதுதான், தொழிற்சாலைக்கு அதுதான் மிக விலையான வழி.

கிடுகுவேலி எழுதியது:

ஒப்பந்தம் மாறினால் அதில் இன்னொன்றையும் பாருங்கள். காய்கிற நட்டத்தை வெட்டுகிற பெண்களின் தலையில் போடாதீர்கள். எட்டுக் கிழமை கழித்துத் தராசில் ஏற்றி அன்றைக்குத்தான் கூலி என்றால் எங்களால் முடியாது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சாமான் வாங்க எட்டுக் கிழமை பொறுக்க ஏலாது. நாங்கள் நிறைக்கு விற்பதை விட்டுவிட்டு அடுக்குக்கு மாறிவிட்டோம். இரண்டு மீற்றர் நீளத் தடி, ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரம். காய்ந்தாலும் அடுக்கு அவ்வளவு சுருங்காது. அடுக்கி முடித்த அன்றே அளந்து காசு. யாரும் ஏமாற்ற முடியாது, அளவுத் தடி ஒன்று போதும்.

முத்தையன்கட்டு_வாய்க்கால் எழுதியது:

மிக நல்ல முறை. ஏட்டில் எழுதவும் சுலபம். காலத்தையும் பாருங்கள். வைகாசியில் இருந்து ஆவணி வரை சோளகம் வீசுகிறது, அந்தக் காற்றில் காய்வதுபோல வேறு எப்போதும் காயாது. ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் அடுக்கு திரும்ப ஈரம் குடிக்கும், காணித் தடத்தில் ட்ரக்டர் புதையும். மாரிக்கு வேண்டியதை அதற்கு முதல் முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

பின்லாந்து_வாசி எழுதியது:

ஐயா, இங்கே அதுவே தலைகீழ். நிலம் பனியில் இறுகிய மாரியில்தான் பாரமான மெசின் காட்டுக்குள் போகும், கோடையில் புதையும் இடங்கள் இருக்கின்றன. குவியல் நனையாமல் இருக்க மேலே தடித்த கடதாசி விரிப்பார்கள். பிறகு அந்தக் கடதாசியையும் சேர்த்தே சில்லாக்கிவிடுவார்கள், பிரித்து எடுக்கும் கூலி மிச்சம்.

கிடுகுவேலி எழுதியது:

எங்களுக்குக் கிடுகு இருக்கிறதே. பழங்கிடுகு என்றால் அதையும் சேர்த்து எரிக்கலாம். ஆணியும் கம்பியும் இல்லாமல் கட்டினால் போதும், மரக்காலை அண்ணைக்கும் பயம் இல்லை.

தர்மபுரம்_தோட்டம் எழுதியது:

ஒரு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். போறணைக் கணக்கு எழுதிய தாளையும் இரண்டு நாள் பதிவையும் தொழிற்சாலை முகாமையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் முதலில் நம்பவில்லை. பொயிலர் ஓட்டுபவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் எங்கள் இரண்டாம் நாள் சில்லு எரிந்த அன்றைக்கு மட்டும் அழுத்தம் ஒருக்காலும் இறங்கவில்லை என்று சொன்னார். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது.

இரண்டு விலை வைத்திருக்கிறோம். 30 சதவீதத்துக்குக் கீழே ஒரு விலை, 30இல் இருந்து 40 வரை ஒரு விலை, அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு நடையிலும் மூன்று இடத்தில் தடி எடுத்துச் சீவி, கலந்து, காய வைத்து நிறுப்பது. தொழிற்சாலை ஒரு சின்ன மின்னடுப்பும் தராசும் வாங்குகிறது. சிப்பரை அவர்களே வாங்கி முற்றத்தில் பூட்டுவார்கள், கத்தி தீட்டுவதும் அவர்கள் பொறுப்பு. நாங்கள் காய்ந்த தடி மட்டும் கொடுப்போம். மெசின் கடன் எங்கள் தலையில் இல்லை. பரந்தன் அண்ணை சொன்னதுபோல, அவர்கள் நாளைக்கு நிறுத்தினாலும் எங்கள் கையில் இருப்பது தடி, அதைச் சூளைக்கும் பேக்கரிக்கும் விற்கலாம்.

வெட்டுக் கூலி அடுக்குக் கணக்கில், அன்றன்றே. அக்காவின் அளவை அப்படியே எடுத்திருக்கிறோம். அளவுத் தடி பதினான்கு செய்தாகிவிட்டது. கதியால் அடிமரம் சேர்க்கக் கூடாது என்பதும் ஏட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

மரக்காலை_வவுனியா எழுதியது:

நல்லது தம்பி. இருந்தாலும் சிப்பர் வாய்க்கு முன்னால் ஒரு நல்ல காந்தம் தொங்கவிடச் சொல்லுங்கள். என்னிடம் பழைய ஒலிபெருக்கிக் காந்தம் இரண்டு கிடக்கிறது, வவுனியா வரும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.

கிடுகுவேலி எழுதியது:

தம்பி, முற்றத்து அடுக்குகளுக்கு எத்தனை கிடுகு வேண்டும்? எங்கள் ஆட்கள் பின்னித் தருவார்கள். மாரிக்கு முதல் வேண்டும் என்றால் இந்தக் கிழமையே ஓலை ஊறப்போட வேண்டும்.

தர்மபுரம்_தோட்டம் எழுதியது:

முதலில் நானூறு, அக்கா. சனிக்கிழமை பெட்டியோடு ஒட்டுசுட்டானுக்கு வருகிறேன், ஓலையும் கொண்டுவருகிறேன்.